பாதிரியாரின் மனைவி எந்த வீட்டுப் பெண்? தேடலை எங்கே தொடங்குவது

அன்னி பெசன்ட் என்றதும் நமக்கு அடையாறும், ஹோம் ரூல் இயக்கமும், 1917 கல்கத்தா காங்கிரஸ் தலைமையும் நினைவுக்கு வரும். அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1867 டிசம்பரில், ஃபிராங்க் பெசன்ட் என்ற இளம் ஆங்கிலிக்கன் பாதிரியாரைக் கைப்பிடித்தபோது அவருக்கு இருபது வயது. லிங்கன்ஷயரில் சிப்ஸி என்ற கிராமத்துக் குருமனையில், அதாவது பாதிரியாருக்கென்று உள்ள வீட்டில், குடித்தனம் நடத்தினார். 1873-இல் பிரிந்தார்கள். விவாகரத்து ஆகவில்லை. உலகம் முழுவதும் அவரை அறிந்திருக்கும் பெயர் அந்தப் பாதிரியாருடையது. பிறந்த வீட்டில் அவர் அன்னி வுட்.

அவர் புகழ்பெற்றதால் பிறந்த வீட்டைக் கண்டுபிடிப்பது எளிது. விக்டோரியா காலத்து மற்றப் பாதிரியார் மனைவிகள் விஷயம் அப்படியல்ல. ஞாயிறு பள்ளி நடத்தியிருப்பார்கள், ஊராருக்கு மருந்து கொடுத்திருப்பார்கள், எட்டோ பத்தோ பிள்ளைகளைப் பெற்றிருப்பார்கள். கல்லறையில் மட்டும் "மேற்படியாரின் மனைவி" என்று ஒரு வரி. நம் ஊர் மிஷனரி வரலாறுகளும் இதற்கு விலக்கல்ல. கணவர் எந்த ஆண்டு குருப்பட்டம் பெற்றார், எந்தக் கோயிலைக் கட்டினார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். மனைவியின் தகப்பனார் பெயரைத் தேடினால் கிடைக்காது. இந்த ஒரு வரிப் பெண்களின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வழிகள் பல உண்டு. கணவரின் பணி வரலாற்றைப் பிடித்துக்கொண்டு போகலாம். அரசுப் பிறப்பு, திருமணப் பதிவுகளிலிருந்து தொடங்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டலாம். பெண்ணின் தகப்பனார் எழுதிய உயிலைத் தேடலாம். பழைய செய்தித்தாள்களையும் குடும்பத்தில் வழங்கும் கதைகளையும் நம்பலாம். எல்லாமே எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்கும். பணமும் நேரமும் அளவாக இருக்கும்போது எதை முதலில் எடுப்பது என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் கணவரிலிருந்து தொடங்குகிறார்கள். நான் பிள்ளைகளிலிருந்து தொடங்கச் சொல்வேன். கணவரின் ஆவணங்களை அதன் பிறகு, வேறொரு நோக்கத்தோடு படிக்க வேண்டும்.

கணவர் வழியே போனால்

எல்லோரும் கணவரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபைக் குருமார்களைப் போல ஆவணப்படுத்தப்பட்ட கூட்டம் அந்தக் காலத்தில் குறைவு. 1835 வரை பணியில் சேர்ந்தவர்களுக்கு ஒரு பெரிய தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. 1858-இல் தொடங்கிய கிராக்ஃபோர்டு குருமார் கையேடு, ஒருவர் எந்தக் கல்லூரியில் படித்தார், எப்போது உதவிக் குருவானார், எந்தெந்த ஊரில் பணியாற்றினார், அவர் பொறுப்பில் இருந்த பங்கின், அதாவது திருச்சபைப் பகுதியின், ஆண்டு வருமானம் என்ன என்பதையெல்லாம் ஒரே பத்தியில் சொல்லிவிடும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் பட்டியல்கள் தகப்பனார் பெயரையும் சொந்த ஊரையும் தரும்.

அத்தனையும் அவரைப் பற்றித்தான். கிராக்ஃபோர்டில் மனைவிக்கு இடமே கிடையாது. கேம்பிரிட்ஜ் பட்டியலில் சில பதிவுகளில் திருமணக் குறிப்பு வரும், பலவற்றில் வராது. இந்த வழியில் இறங்கியவர்கள் ஒரு மாதம் கழித்துக் கணவரின் பாட்டனார் வரை போயிருப்பார்கள். மனைவியின் குடும்பப் பெயர் அப்போதும் தெரிந்திருக்காது.

ஆனாலும் அந்தக் கையேட்டில் மூன்று தடயங்கள் உண்டு. ஒன்று, உதவிக் குருவாக இருந்த ஊர்கள். கல்யாணமாகாத இளைஞராக ஒரு ஊருக்குப் போனவர், அந்த ஊர்ப் பெரிய வீட்டிலோ தன் மூத்த குருவின் வீட்டிலோ பெண் எடுப்பது வழக்கமாக நடந்தது. ஊரும் ஆண்டும் கையில் இருந்தால் தேட வேண்டிய திருமணப் பதிவேடுகள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது, ஃபெல்லோ எனப்படும் கல்லூரி ஆய்வாளர் பதவி. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அந்தப் பதவியில் இருப்பவர் திருமணம் செய்துகொண்டால் பதவியை விட வேண்டும். 1880-களின் தொடக்கத்தில்தான் இந்த விதி பரவலாகத் தளர்ந்தது. அதுவரை பலர் கல்லூரியின் கையில் உள்ள ஒரு பங்கு காலியாகும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அது கிடைத்த கையோடு கல்யாணம் முடித்தார்கள். அப்படிப்பட்டவரின் கையேட்டுப் பதிவில் கல்லூரிப் பங்கு கிடைத்த ஆண்டைப் பார்த்தால், திருமணம் அந்த ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடலாம்.

மூன்றாவதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொரு பங்குக்கும் குருவை நியமிக்கும் உரிமை யாருக்கு என்று கையேடு குறிப்பிடும். அந்த உரிமை பேராயரிடம் இருக்கலாம், கல்லூரியிடம் இருக்கலாம், அரசரிடம் இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய பாதி தனியார் கையில் இருந்தது. அது நிலத்தைப் போல விற்கவும் வாங்கவும் கூடிய சொத்து. மருமகனுக்கு ஒரு பங்கைப் பார்த்துக் கொடுப்பது மாமனார்கள் செய்த காரியம்தான்.

ஃபிராங்க் பெசன்டுக்கு நடந்ததைப் பாருங்கள். செல்டன்ஹாமில் பள்ளி ஆசிரியராக இருந்தவருக்கு 1872 வாக்கில் சிப்ஸி பங்கு கிடைக்கிறது. அங்கே நியமன உரிமை, நீதித்துறைக்குத் தலைவரான அரசு அமைச்சர் லார்ட் சான்சலருக்கு. கையேட்டில் அந்தப் பதவிப் பெயரைத் தாண்டி ஒன்றும் இராது. படிப்பவர் அரசாங்க நியமனம் என்று கடந்து போய்விடுவார். அந்த ஆண்டு லார்ட் சான்சலராக இருந்தவர் யார் என்று ஒரு நிமிடம் கேட்டால் கதை மாறுகிறது. அவர் லார்ட் ஹேதர்லி. பட்டத்துக்கு முன் அவர் பெயர் வில்லியம் பேஜ் வுட். ஃபிராங்கின் மனைவி பிறந்தது அதே வுட் குடும்பத்தில். குருமனை கணவர் பெயரில் எழுதப்பட்டது, வந்ததோ மனைவியின் உறவு வழியாக.

அங்கிருந்து கதவுகள் வரிசையாகத் திறக்கின்றன. ஹேதர்லியின் தகப்பனார் மேத்யூ வுட், இரண்டு முறை லண்டன் லார்ட் மேயராக இருந்தவர். ஹேதர்லியின் அண்ணன் ஜான் பேஜ் வுட்டும் பாதிரியார்தான். அந்த அண்ணனின் பிள்ளைகளில் ஒருவர் படைத் தலைவர் ஈவ்லின் வுட், இன்னொருவர் ஐரிஷ் தலைவர் பார்னலின் வாழ்க்கையோடு பிணைந்துபோன கேதரின் ஓஷே. சதுப்பு நிலத்துக் கிராமம் ஒன்றில் பெயரில்லாமல் இருந்த குருமனை அம்மையாருக்கு இத்தனை பெரிய சுற்றம். கணவர் வழியில் போகிறவர்கள் நியமன உரிமைக் குறிப்பை ஒரு போதும் விடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பிள்ளைகளிலிருந்து தொடங்கினால்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. பழைய அச்சுப் பட்டியலில் குழந்தையின் பெயரும் மாவட்டமும் மட்டும்தான் இருக்கும். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911-க்குப் பிறகுதான் அதில் ஏறியது. பொதுப் பதிவு அலுவலகம் இப்போது இணையத்தில் வைத்திருக்கும் புதிய பட்டியலில் 1837 வரை பின்னோக்கித் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். கணக்குத் தொடங்கினால் போதும், பார்ப்பதற்குக் காசு இல்லை.

இது பாதிரியார் மனைவிகளைத் தேடுவோருக்குக் கிடைத்த பெரிய வரம். கணவரின் ஊரும் ஆண்டும் கையேட்டில் இருக்கிறது. அந்த ஊர் எந்தப் பதிவு மாவட்டத்தில் வருகிறது என்று பார்த்து, அந்தக் குடும்பப் பெயரில் பிறந்த குழந்தைகளை வரிசையாக எடுத்தால், ஒரே தாய்ப்பெயர் திரும்பத் திரும்ப வரும். அதுதான் நீங்கள் தேடும் பெயர். அன்னிக்கு இரண்டு பிள்ளைகள், 1869-இல் பிறந்த டிக்பி, 1870-இல் பிறந்த மேபல். பெசன்ட் என்பது அரிய பெயர். வுட் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும், பெசன்ட் என்று தேடினால் அதைவிட வெகு குறைவாகவே வரும். இரு வீட்டுப் பெயர்களில் எது அரிதோ அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போக வேண்டும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. பிள்ளை இல்லாத தம்பதிக்கு இந்த வழி கிடையாது. கணவருக்கு இரண்டாம் தாரமாக வந்தவர் என்றால் பாதி வரிசையில் தாய்ப்பெயர் மாறும். அந்த மாற்றம் நடந்த ஆண்டே முதல் மனைவி இறந்த காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஸ்மித் போன்ற பெயர் என்றால் மாவட்டத்தை உறுதி செய்யாமல் எதையும் நம்பக்கூடாது.

திருமணப் பதிவு

பெயர் கிடைத்ததும் திருமணப் பதிவுக்குப் போக வேண்டும். பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் ஒரே தாளில் அருகருகே வைப்பது அதுதான். இருவர் பெயர், வயது, தொழில், அப்போது தங்கியிருந்த இடம், இருவரின் தகப்பனார் பெயர், அவர்களின் தொழில் அல்லது அந்தஸ்து எல்லாம் அதில் உண்டு. தாயின் பெயர் கிடையாது. இங்கிலாந்துத் திருமணப் பதிவில் தாய்க்கு இடம் கிடைத்தது 2021 மே மாதத்தில்தான்.

பொதுப் பதிவு அலுவலகத்திலிருந்து நகல் வாங்கினால் 2024 நிலவரப்படி 12.50 பவுண்டு. வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அலுவலகத்தில் இருப்பது கோயில் பதிவேட்டைப் பார்த்து எழுதிய பிரதி. மூலப் பதிவேடு பெரும்பாலும் மாவட்ட ஆவணக்காப்பகத்தில் இருக்கும், அதன் படங்கள் கட்டண வம்சாவளித் தளங்களில் நிறைய ஏறியிருக்கின்றன. மூலத்தில்தான் மணமக்களும் சாட்சிகளும் தங்கள் கையாலேயே போட்ட கையெழுத்து இருக்கும். சாட்சிகள் யார் என்பது தகப்பனார் பெயருக்கு அடுத்தபடியாக முக்கியம். மணப்பெண்ணின் தங்கையோ சித்தப்பாவோ அங்கே நிற்பார்.

திருமணத்தை நடத்தி வைத்த குருவின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிரியார் குடும்பங்களில் உறவுக்காரப் பாதிரியாரை அழைத்து நடத்துவது மரபு. மணப்பெண்ணின் தகப்பனாரே பாதிரியாராக இருப்பதும் சகஜம். யார்க்ஷயரில் எக்கிள்ஸ்ஃபீல்டு குருமனை அம்மையாராக இருந்த எழுத்தாளர் மார்கரெட் கேட்டி, டிரஃபால்கர் போரில் நெல்சனின் கப்பலில் குருவாக இருந்த அலெக்சாண்டர் ஸ்காட்டின் மகள். இப்படிப்பட்ட பெண்ணுக்கு நீங்கள் முதலில் ஒதுக்கி வைத்த குருமார் கையேடு திரும்பப் பயன்படும். இம்முறை கணவருக்காக அல்ல, மாமனாருக்காக.

வசதியுள்ளவர்கள் கோயிலில் மூன்று வாரம் அறிவிப்பு வாசிப்பதைத் தவிர்த்து, பேராயர் அலுவலகத்தில் உரிமம் வாங்கித் திருமணம் செய்தார்கள். பாதிரியார் திருமணங்களில் இது அதிகம். உரிமத்துக்காக எழுதிக் கொடுத்த உறுதிமொழி தனி ஆவணமாகத் தங்கியிருக்கும். மணப்பெண் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர் என்றால் யாருடைய சம்மதம் என்று அதில் எழுத வேண்டும். அன்னி மணமானபோது இருபது வயது, தகப்பனார் இறந்து பதினைந்து ஆண்டுகள். அத்தகைய வழக்கில் இந்த ஆவணம் திருமணப் பதிவு சொல்லாத தாயின் பெயரைச் சொல்லக்கூடும்.

கையில் இருக்கும் பணத்தில் ஒரே ஒரு ஆவணம்தான் வாங்க முடியும் என்றால், நான் வாங்கச் சொல்வது திருமணப் பதிவு.

செய்தித்தாள் அறிவிப்பு

ஒரு எளிய கடைக்காரர் வீட்டுத் திருமணத்துக்குச் செய்தித்தாள் அறிவிப்பு இருக்குமா என்பது சந்தேகம். பாதிரியார் திருமணத்துக்குப் பெரும்பாலும் இருக்கும். "இன்ன ஊரைச் சேர்ந்த காலஞ்சென்ற இன்னாரின் மூன்றாவது மகளை, மணமகளின் மாமா நடத்தி வைக்க" என்ற வடிவில் நான்கு வரி வரும். மூன்றாவது மகள், காலஞ்சென்ற, மாமா என்ற மூன்று தகவலும் திருமணப் பதிவில் உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மணநாள் தெரிந்த பிறகு தேடினால் ஒரு மணி நேர வேலை. தெரியாமல் தேடினால் கண் வலிதான் மிச்சம். ஆகவே இது இரண்டாம் அடி.

கணக்கெடுப்பு

பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த கணக்கெடுப்பைப் பலர் முதல் வழியாகவே வைத்திருக்கிறார்கள். பெயர் தட்டினால் உடனே படம் வந்துவிடும் என்ற சுகம் ஒரு காரணம். ஆனால் மணமான பெண் கணக்கெடுப்பில் கணவர் பெயரில்தான் வருவார். அவரது வயதும் பிறந்த ஊரும் தெரியும், குடும்பம் தெரியாது. 1841 கணக்கெடுப்பு இன்னும் மோசம். பதினைந்துக்கு மேற்பட்ட வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்ற குறிப்பே இல்லை, பிறந்த இடத்துக்கு "இதே மாவட்டமா", இல்லையென்றால் "ஸ்காட்லாந்தா, அயர்லாந்தா, வெளிநாடா" என்ற கேள்விகள் மட்டும். 1851 முதல் உறவுமுறையும் பிறந்த ஊரும் வந்தன.

அதன் உண்மையான பலம் விருந்தாளிகள். குருமனைகளில் ஆள் இல்லாத இரவு குறைவு. மனைவியின் விதவைத் தாய், மணமாகாத தங்கை, விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன் என்று யாராவது இருப்பார்கள். "மாமியார்" என்றும் "மைத்துனி" என்றும் கணக்கெடுப்பில் எழுதியிருக்கும் பெண்ணின் குடும்பப் பெயரைப் பாருங்கள். பிள்ளையில்லாத தம்பதிக்கு இதுவே முதல் வழியாகலாம். ஒரே ஒரு ஆண்டைப் பார்த்துவிட்டு நிறுத்தக்கூடாது. 1851 முதல் 1911 வரை ஏழு இரவுகள் இருக்கின்றன, ஏதாவது ஒன்றில் யாராவது வந்து தங்கியிருப்பார். 1911 படிவத்தில் மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்ற கேள்விகளும் உண்டு.

பிறந்த வீட்டைக் கணக்கெடுப்பில் தேடும்போது அன்னியின் கதை ஒரு எச்சரிக்கை. தகப்பனார் 1852-இல் இறந்தபின் தாய் எமிலி ஹாரோவில் பள்ளி மாணவர்களுக்கு விடுதி நடத்தி மகனைப் படிக்க வைத்தார். மகளை எழுத்தாளர் கேப்டன் மாரியட்டின் தங்கை எல்லன் மாரியட் தன்னுடன் டார்செட்டுக்கு அழைத்துப்போய் வளர்த்தார். சிறுமி அன்னியை எமிலியின் வீட்டில் தேடிவிட்டு "இந்தக் குடும்பத்தில் மகளே இல்லை" என்று முடிவு கட்டினால் தேடல் அங்கேயே முறிந்துவிடும். படிப்புக்காகவும் வறுமைக்காகவும் பிள்ளைகள் வேறு வீடுகளில் வளர்ந்த காலம் அது.

உயிலும் சொத்தும்

1882 சட்டம் வரும்வரை மணமான பெண்ணுக்குத் தன் சொத்தின்மேல் முழு உரிமை கிடையாது. கணவர் சம்மதமில்லாமல் பெரும்பாலும் உயில்கூட எழுத முடியாது. அதனால் மனைவியின் உயிலைத் தேடுவதில் பயன் குறைவு. அவர் தகப்பனாரின் உயிலைத் தேட வேண்டும். வசதியுள்ள தகப்பனார் எல்லா மகள்களையும் பெயர் சொல்லி, யாருக்கு யாரை மணமுடித்தோம் என்பதோடு, மருமகன் கைக்குப் போகாதபடி பணத்தை அறங்காவலர்களிடம் கட்டி வைப்பார். ஒரே ஆவணத்தில் முழுக் குடும்பமும் நிற்கும். 1858 ஜனவரிக்குப் பிந்திய உயில்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் உண்டு. அதற்கு முந்தியவை திருச்சபை நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பெரியதான கேன்டர்பரி நீதிமன்ற உயில்கள் லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் எண்முறையாக்கப்பட்டிருக்கின்றன.

இந்த வழி பணக்கார வீட்டுப் பெண்ணுக்குத்தான் பலிக்கும். எழுத்தாளரும் பாதிரியாருமான சார்லஸ் கிங்ஸ்லி 1844-இல் மணந்த ஃபேனி, செம்பு வணிகரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பாஸ்கோ கிரென்ஃபெல்லின் மகள். அக்கா ஒருத்தியின் கணவர் வங்கியாளர் ஜார்ஜ் கார் கிளின், இன்னொருத்தியின் கணவர் சிட்னி காடால்ஃபின் ஆஸ்பர்ன் என்ற பாதிரியார், மற்றொரு சகோதரி சார்லட் மணந்தது வரலாற்றாசிரியர் ஃபுரூடை. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு உயிலையும் திருமண ஒப்பந்தங்களையும் முதலில் எடுத்தாலும் தவறில்லை. அன்னியின் தகப்பனார் சேமிப்பு ஏறக்குறைய எதுவும் விட்டுப் போகவில்லை. அவருக்கு இந்த வழியில் போயிருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் அன்னிக்கு ஒரு அண்ணன் இருந்தார். பெண்ணுக்குப் பள்ளிப் பதிவேடும் கல்லூரிப் பதிவேடும் இல்லாத காலத்தில் அவளுடைய அண்ணன் தம்பிகளுக்கு அவை இருந்தன. ஹென்றி ட்ரூமன் வுட் ஹாரோவில் படித்துக் கேம்பிரிட்ஜ் போனவர், பிறகு கலைகள் சங்கத்தின் செயலாளர். தகப்பனார் வில்லியம் பர்ட்டன் பெர்ஸ் வுட் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படித்தவர். அந்தக் கல்லூரி மாணவர் பட்டியலும் 1860 வரைக்கும் அச்சில் இருக்கிறது. பிறந்த வீட்டு ஆண்களின் படிப்புப் பதிவுகள் மகளின் வம்சத்தை ஒரு தலைமுறை மேலே ஏற்றிவிடும். வம்சாவளி தேடுவோர் இதை ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தத் தகப்பனாரின் நடுப்பெயரையும் விடாதீர்கள். பெர்ஸ் என்பது அயர்லாந்தில் கால்வே மாவட்டத்தின் பெயர்பெற்ற நிலக்கிழார் குடும்பம், பர்ட்டன் பெர்ஸ் என்ற பெயர் அங்கே தலைமுறை தலைமுறையாக வந்தது. அந்தக் காலத்தவர்கள் தாய்வழிக் குடும்பப் பெயரையோ மதிப்புக்குரிய உறவினர் பெயரையோ பிள்ளையின் நடுவில் வைத்தார்கள். குருமனையில் பிறந்த பிள்ளைகள் எல்லோருடைய நடுப்பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், சில சமயம் மனைவியின் பாட்டி வீடு வரைக்கும் தடம் தெரியும்.

குடும்பக் கதைகள்

அன்னி தன் வரலாற்றைத் தானே எழுதினார். தன் இரத்தத்தில் முக்கால் பங்கு ஐரிஷ் என்றார். தாயை வளர்த்த பெரியம்மா ஒருவர், பிரான்சின் ஏழு மன்னர்கள் வழி வந்தவர்கள் நாங்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, அந்த வம்ச மரத்தைத் தோல் தாளில் எழுதிக் கணப்பு அடுப்புக்கு மேலே மாட்டியிருந்ததாகவும் சொல்கிறார். ஐரிஷ் வேர் என்பது ஆவணங்களோடு பொருந்துகிறது. ஏழு மன்னர்களை அந்தப் பெரியம்மாவின் பெருமையாக எடுத்துக்கொள்ளலாம். குடும்பக் கதை ஊரையும் உறவையும் சொல்லும்போது கேட்டுக்கொள்ள வேண்டும், அந்தஸ்தைச் சொல்லும்போது சான்று கேட்க வேண்டும். பதிவுகளைப் பார்த்த பிறகு கதைகளுக்குத் திரும்பினால் எது எந்த வகை என்று தானே விளங்கும்.

எல்லை தாண்டினால் கணக்கு மாறும்

இதுவரை சொன்ன வரிசை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். மனைவி ஸ்காட்லாந்துக்காரர் என்றால் வேலை பாதியாகக் குறையும். அங்கே அரசுப் பதிவு 1855-இல்தான் தொடங்கியது, ஆனால் திருமணப் பதிவிலேயே இருவருடைய தாயின் பெயரும் பிறந்த வீட்டுப் பெயரோடு உண்டு. ஸ்காட்லாந்து திருச்சபைப் போதகர்களுக்காக ஹ்யூ ஸ்காட் தொகுத்த பெரும் பட்டியல், மனைவி யார், யாருடைய மகள், பிள்ளைகள் யார் யார் என்று எழுதி வைத்திருக்கிறது. அங்கே தயங்காமல் கணவர் வழியே போகலாம்.

அயர்லாந்து நேர்மாறு. 1922-இல் டப்ளினில் பொது ஆவணக்காப்பகம் எரிந்தபோது உயில்களும், அயர்லாந்துத் திருச்சபைப் பதிவேடுகளில் பெரும்பகுதியும், 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் ஏறக்குறைய எல்லாமும் போயின. அதற்கடுத்த நான்கு கணக்கெடுப்புகளை அரசே ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. அன்னியின் தாய் எமிலி மோரிஸ் போன்றவரின் பின்னணியைத் தேடுகிறவர் அங்கே கோயில் பதிவேட்டுக்கு ஓடுவதைவிட 1708 முதல் இயங்கும் பத்திரப் பதிவகத்துக்குப் போவது நல்லது. அது தீயில் சிக்கவில்லை. திருமணத்தை ஒட்டி எழுதிய சொத்து ஒப்பந்தங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் 1845 முதல் அரசுப் பதிவில் உண்டு, அவற்றின் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கணவர் ஆங்கிலிக்கன் அல்லாத சபையின் போதகர் என்றால் கிராக்ஃபோர்டைத் திறக்கவே வேண்டாம். 1837-க்கு முந்திய திருமணம் என்றால் மட்டும் அவர்களையும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் தேட வேண்டும், சட்டம் அப்படி இருந்தது. எழுத்தாளர் எலிசபெத் கேஸ்கல்லும் அவர் மணந்த யூனிட்டேரியன் போதகரும் 1832-இல் நட்ஸ்ஃபோர்டு ஊரின் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் மணம் முடித்தார்கள்.

நமக்கு மிக நெருக்கமான வகை இந்தியாவில் பிறந்தோ மணந்தோ வாழ்ந்த பெண்கள். சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் லண்டனுக்குப் போயின. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுப்பில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கம் ஒன்று அவற்றுக்கு இலவசத் தேடல் பட்டியலும் வைத்திருக்கிறது. கம்பெனிக் குருமார்களின் மனைவிகளுக்கு இதுதான் முதல் வழி. மிஷனரி மனைவிகளுக்கு மிஷன் காகிதங்களை முதலில் பார்க்க வேண்டும். அங்கேயும் கணவரை நம்பிப் போனால் வேறு ஊருக்குப் போய்விடுவோம்.

கால்டுவெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், இடையன்குடியில் கோயில் கட்டியவர், 1877-இல் பேராயரானவர். 1844-இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியின் மகள். நாகர்கோவிலில் பின்னல் லேஸ் தொழிலைத் தொடங்கி வைத்தவர் அந்த மார்த்தா. கால்டுவெல் அதற்குள் லண்டன் மிஷன் சங்கத்திலிருந்து விலகி ஆங்கிலிக்கன் சங்கமான எஸ்.பி.ஜி.யில் சேர்ந்துவிட்டார். அந்தச் சங்கத்தின் காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டில், போட்லியன் நூலகத்தில். மால்ட் தம்பதியோ கடைசிவரை லண்டன் மிஷன். அவர்கள் எழுதிய கடிதங்கள் லண்டனில், சோயஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில். கால்டுவெல்லின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எலைசாவின் குழந்தைப் பருவமும், தாயின் லேஸ் பள்ளியும், அவர் பேசி வளர்ந்த தமிழும் கிடைக்காது. எலைசாவைத் தேடுவோருக்கு மட்டும் என்னுடைய வரிசையைத் தலைகீழாக்கி, நாகர்கோவில் மிஷன் கடிதங்களில் தொடங்கச் சொல்வேன். திருவிதாங்கூர் கம்பெனி ஆட்சிக்கு வெளியே இருந்த சமஸ்தானம் என்பதால் பிரிட்டிஷ் நூலகப் பதிவுகளில் அவர் பெயர் அகப்படாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அங்கே இல்லை என்பதால் வேறெங்கும் இல்லை என்று ஆகிவிடாது.